பழைய ஐரோப்பிய டர்போ கார் வாங்கியவர்களுக்கு: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: 2011ஆம் ஆண்டு ஸ்கோடா லாரா 1.8 டிஎஸ்ஐ, 6 கியர் மானுவல் கார் ஒன்றைச் சென்ற மாதம் வாங்கினேன். ஓடோமீட்டர் 1,08,000 கி.மீ. காட்டுகிறது. 2017 வரை கம்பெனியில் சர்வீஸ் செய்த பில்கள் இருக்கின்றன. அதன் பிறகு எந்தக் காகிதமும் இல்லை. காலையில் முதல் ஸ்டார்ட்டில் மட்டும் இரண்டு மூன்று வினாடிகள் கரகரவென்று ஒரு சத்தம் வந்து நின்றுவிடுகிறது. ‘ஐரோப்பிய வண்டி என்றால் அப்படித்தான் இருக்கும்’ என்கிறார் மெக்கானிக். ‘எஞ்சின் ஃப்ளஷ் (உட்புறத்தைக் கழுவுவது) செய்துவிட்டு, ஸ்டேஜ் 1 ரீமேப் (எஞ்சின் கம்ப்யூட்டரின் மென்பொருளை மாற்றித் திறனைக் கூட்டுவது) போட்டுவிடு’ என்கிறார்கள் நண்பர்கள். நான் எதிலிருந்து தொடங்க வேண்டும்?
– வாசகர், கோயம்புத்தூர்.

பதில்: அந்தக் கரகரச் சத்தத்திலிருந்து தொடங்குங்கள். உங்கள் கடிதத்தில் உள்ள மற்ற எல்லாமே காத்திருக்கக் கூடியவை. அது ஒன்றுதான் காத்திருக்காது. ஐரோப்பிய வண்டி எதுவும் ‘அப்படித்தான்’ இருக்கும்படி தயாரிக்கப்படுவதில்லை.

லாராவில் உள்ள 1798 சி.சி. எஞ்சின், ஃபோக்ஸ்வாகன் குழுமம் ஈஏ888 என்று பெயரிட்ட குடும்பத்தைச் சேர்ந்தது. ஸ்கோடா சூப்பர்ப் 1.8 டிஎஸ்ஐ, ஆடி ஏ4 1.8 டிஎஃப்எஸ்ஐ ஆகியவற்றிலும் இதே குடும்பத்து எஞ்சின்தான் இருக்கிறது என்பதால், இங்கே சொல்வதில் பெரும்பகுதி அந்தக் கார்களை வைத்திருப்பவர்களுக்கும் பொருந்தும். 160 பி.எஸ். திறனும், 1500 ஆர்.பி.எம். அளவிலேயே கிடைத்துவிடும் 250 நியூட்டன் மீட்டர் இழுவிசையும் கொண்ட அருமையான எஞ்சின் இது. ஆனால் இதன் தொடக்ககால வடிவங்களில், வால்வுகள் திறக்கும் நேரத்தைப் பிஸ்டன்களோடு ஒத்துப்போக வைக்கும் டைமிங் செயினை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷனர் பலவீனமானது. எஞ்சின் ஓடும்போது டென்ஷனரை வெளியே தள்ளிப் பிடிப்பது ஆயில் அழுத்தம். எஞ்சின் நின்று அழுத்தம் இல்லாதபோது அது பின்வாங்காமல் தடுப்பது அதிலுள்ள சிறு பல்லும் கொக்கியும். அந்தக் கொக்கி தேய்ந்துவிட்டால், இரவு முழுவதும் நின்ற காரில் டென்ஷனர் உள்ளே போய்விடுகிறது. காலையில் ஆயில் அழுத்தம் ஏறும் வரை செயின் தளர்ந்து ஆடுகிறது. நீங்கள் கேட்கும் சத்தம் பெரும்பாலும் அதுதான். தளர்ந்த செயின் என்றாவது ஒரு நாள் பல் தாண்டினால், பிஸ்டன் மேலே வரும் நேரத்தில் வால்வு திறந்திருக்கும். வால்வுகள் வளைந்த பிறகு ஆகும் செலவு, இந்த வயதுடைய காரின் விலையில் பெரும்பங்கை விழுங்கிவிடும்.

எனவே இந்த வாரத்துக்குள் செய்ய வேண்டியது இது. ஃபோக்ஸ்வாகன் குழுமக் கார்களுக்கான விசிடிஎஸ் போன்ற ஸ்கேனர் வைத்திருக்கும் பட்டறைக்குச் சென்று, காரிலுள்ள எல்லாக் கன்ட்ரோல் யூனிட்டுகளிலும் (சிறு கம்ப்யூட்டர்களிலும்) பதிவாகியுள்ள குறைகளை எடுக்கச் சொல்லுங்கள். எதையும் அழிக்கும் முன்பு அந்தப் பட்டியலை அச்செடுத்தோ படம் பிடித்தோ வைத்துக்கொள்ளுங்கள். பி0016 என்ற குறியீடு இருந்தால், பிஸ்டன்களோடு சுழலும் கிராங்க்ஷாஃப்ட்டும் வால்வுகளைத் திறக்கும் கேம்ஷாஃப்ட்டும் ஒன்றோடொன்று பொருந்தாத நிலையில் இருக்கின்றன என்று பொருள். அப்படியானால் காரை அங்கேயே நிறுத்திவிடுவது நல்லது. குறியீடு எதுவும் இல்லையென்றாலும் நிம்மதி அடைந்துவிட வேண்டாம். விற்பவர் முந்தின நாள் எல்லாவற்றையும் அழித்திருக்கலாம். அதைக் கண்டுபிடிக்க வழி இருக்கிறது: ஸ்கேனரில் ‘ரெடினஸ்’ என்ற பக்கத்தைப் பார்க்கச் சொல்லுங்கள். சோதனைகள் பலவும் முடிவடையாத நிலையில் இருந்தால், அண்மையில் யாரோ குறியீடுகளை அழித்திருக்கிறார்கள் அல்லது பேட்டரியைக் கழற்றியிருக்கிறார்கள் என்று கொள்ளலாம்.

அடுத்து, டென்ஷனரை நேரில் பார்க்க வேண்டும். இதற்கு எஞ்சினைப் பிரிக்கத் தேவையில்லை. டைமிங் கவரின் கீழ்ப்பகுதியில் ஒரு சிறு அடைப்பான் இருக்கிறது; அதைக் கழற்றி, சிறிய கண்ணாடியையோ பட்டறைக் கேமராவையோ நுழைத்தால் டென்ஷனரின் தண்டு தெரியும். தண்டில் எத்தனை பற்கள் வெளியே வந்திருக்கின்றன என்பதிலிருந்து செயின் எவ்வளவு நீண்டிருக்கிறது என்றும், உள்ளே இருப்பது பழைய வகை டென்ஷனரா திருத்தப்பட்ட வகையா என்றும் அனுபவமுள்ளவர் சொல்லிவிடுவார். பழைய வகையாக இருந்தால் மேற்கொண்டு யோசிக்காமல் மாற்றிவிடுங்கள்; திறந்த கையோடு செயின், அதன் வழிகாட்டிகள், கவரின் சீல் ஆகியவற்றையும் மாற்றுவதே சிக்கனம், ஏனென்றால் பிரித்துப் பூட்டும் கூலி ஒரே கூலிதான். அதுவரை காரை மேட்டில் கியரில் போட்டு நிறுத்தாமல் ஹேண்ட்பிரேக்கை நம்பி நிறுத்துங்கள், தள்ளி ஸ்டார்ட் செய்யாதீர்கள். எந்தப் பட்டறையிலும் கிராங்க்கைப் பின்பக்கமாகச் சுற்றவும் விடாதீர்கள். பின்பக்கம் சுற்றினால் செயினின் இழுப்பு டென்ஷனர் இருக்கும் பக்கம் வந்து, அதை உள்ளே தள்ளுகிறது.

செயினை அடுத்து ஆயில். இது முதல் நாளே செய்யக்கூடியது என்பதால், ஸ்கேன் செய்யும் அன்றே செய்துவிடலாம். முந்தைய உரிமையாளர் ‘போன மாதம்தான் மாற்றினேன்’ என்று சொல்லியிருந்தாலும் மாற்றுங்கள். என்ன ஆயில் என்பது உங்களுக்குத் தெரியாதல்லவா? வாங்கும்போது டப்பாவின் முன்பக்கத்தில் உள்ள பெரிய எழுத்துகளைப் பார்க்காமல், பின்பக்கத்தில் வி.டபிள்யூ. 502 00 என்ற ஒப்புதல் அச்சிடப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். நம் வெப்பத்துக்கு 5டபிள்யூ-40 முழு சிந்தெடிக் பொருத்தமானது. ஃபில்டரோடு சேர்த்து ஏறத்தாழ 4.6 லிட்டர் பிடிக்கும். மெக்கானிக் முழு 5 லிட்டர் டப்பாவையும் கவிழ்க்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். அதிகமாக ஊற்றுவதும் கெடுதல்தான்.

கழற்றிய பழைய ஃபில்டரைக் குப்பையில் போட விடாதீர்கள். அதன் தகர உறையை வெட்டி, உள்ளே மடிப்பு மடிப்பாக இருக்கும் காகிதத்தை விரித்து, வெயிலில் சாய்த்துப் பாருங்கள். கறுப்பாக இருப்பது இயல்பு. மினுமினுக்கும் உலோகத் துகள்கள் இருந்தால் பேரிங்குகளைப் பற்றிக் கவலைப்பட வேண்டும். பழுப்பு நிறத்தில் உடைந்த பிளாஸ்டிக் சில்லுகள் கிடைத்தால் அவை செயின் வழிகாட்டியிலிருந்து வந்தவை; அப்போது சம்ப்பையும் (எஞ்சினின் அடியிலுள்ள ஆயில் தொட்டியையும்) கழற்றி, ஆயில் பம்ப்பின் வடிகட்டியில் என்ன அடைத்துக்கொண்டிருக்கிறது என்று பார்ப்பது கட்டாயம். பத்து நிமிடம் பிடிக்கும் இந்தச் சோதனையை நம் பட்டறைகளில் ஏனோ யாரும் செய்வதில்லை.

எஞ்சின் ஃப்ளஷ் வேண்டாம். சரித்திரம் தெரியாத எஞ்சினில் ஆண்டுக்கணக்காகப் படிந்த கசடை ஒரே நாளில் இளக்கினால், அது முதலில் போய்ச் சேரும் இடம் அந்த ஆயில் பம்ப்பின் வடிகட்டி. ஆயில் போகவில்லை என்றால், நிமிடத்துக்கு லட்சக்கணக்கான சுற்றுகள் சுழலும் டர்போவின் (எஞ்சினுக்குள் காற்றை அழுத்தித் தள்ளும் விசிறியின்) தண்டுதான் முதலில் பலியாகும். மாறாக, இப்போது ஊற்றும் நல்ல ஆயிலை 1,500 முதல் 2,000 கி.மீ. ஓடியதும் ஃபில்டரோடு மறுபடி மாற்றுங்கள். நல்ல ஆயிலில் உள்ள கழுவும் பொருள்களே கசடை மெல்ல மெல்லக் கரைக்கும். இரண்டாவது மாற்றத்துக்குப் பிறகு 15,000 கி.மீ. என்ற கம்பெனிக் கணக்கை மறந்துவிட்டு, 7,500 கி.மீ. அல்லது ஓராண்டு, எது முன்னதோ அதற்கு ஒருமுறை மாற்றி வாருங்கள். செயினும் டென்ஷனரும் டர்போவும் ஆயிலை நம்பியே உயிர் வாழும் எஞ்சினில், ஆயிலில் மிச்சம் பிடிப்பதைப் போன்ற பெருஞ்செலவு வேறில்லை.

அந்த 2,000 கி.மீ. இடைவெளியிலேயே எஞ்சின் எவ்வளவு ஆயில் குடிக்கிறது என்பதையும் அளந்துவிடலாம். 1,000 கி.மீ.க்கு அரை லிட்டர் வரை போகலாம் என்று தயாரிப்பாளர்கள் அனுமதிக்கிறார்கள். நடைமுறையில் அந்த அளவை எட்டும் எஞ்சினை நல்ல நிலையில் இருப்பதாக நான் கருத மாட்டேன். இந்த எஞ்சின்களில் ஆயிலைச் சுரண்டும் பிஸ்டன் ரிங்குகள் மெல்லியவை. அவற்றின் வழியே ஆயில் திரும்பும் துளைகள் சிறியவை என்பதால் கரி அடைத்து, ஆயில் எரிய ஆரம்பிக்கும். ஆனால் ரிங் என்ற முடிவுக்கு வருவதற்கு முன்னால், மலிவான இன்னொரு காரணத்தைச் சோதிக்க வேண்டும். எஞ்சினின் மேல்மூடியில் பிசிவி எனப்படும் வால்வு ஒன்று இருக்கிறது. கிராங்க் கேஸில் சேரும் ஆவியை அழுத்தம் பார்த்து வெளியேற்றுவது அதன் வேலை. அதற்குள் இருக்கும் ரப்பர் தோல் கிழிந்துவிட்டால் ஆயில் குடிப்பதும், ஐட்லிங் தடுமாறுவதும், விசில் போன்ற ஓசை கேட்பதும், நாளடைவில் கிராங்க்கின் பின்பக்க சீல் ஒழுகுவதும் ஒன்றன்பின் ஒன்றாக வரும். எஞ்சின் ஐட்லிங்கில் ஓடும்போது ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்து பாருங்கள். மூடி இலேசாக இழுபட்டுத் திறந்தால் சரி. கையோடு போராடும் அளவுக்கு உறிஞ்சிப் பிடித்துக்கொண்டு, திறந்தவுடன் விசில் நின்றால் பிசிவி போய்விட்டது. சில திருகுகளைக் கழற்றி மாற்றிவிடக்கூடிய பாகம் இது. இதைப் பார்க்காமலேயே ‘ரிங் போச்சு, எஞ்சின் இறக்க வேண்டும்’ என்று சொல்லும் பட்டறையிலிருந்து வண்டியை எடுத்துக்கொண்டு வந்துவிடுங்கள்.

கூலிங் பக்கம் வருவோம். இந்த எஞ்சினில் தண்ணீர் பம்ப்பும் தெர்மோஸ்டாட்டும் ஒரே பிளாஸ்டிக் கூட்டுக்குள், இன்டேக் மேனிஃபோல்டுக்கு (சிலிண்டர்களுக்குக் காற்றைப் பகிரும் குழாய்த் தொகுப்புக்கு) அடியில் கண்ணுக்குத் தெரியாத இடத்தில் இருக்கின்றன. பத்தாண்டு வெப்பத்தில் அந்தப் பிளாஸ்டிக் நெளிந்து, துளித்துளியாகக் கசிய ஆரம்பிக்கும். சூடான எஞ்சினில் பட்டு உடனே ஆவியாகிவிடுவதால் தரையில் ஈரம் தெரியாது. கூலன்ட் அளவு மட்டும் மாதாமாதம் குறையும். எஞ்சின் ஆறியிருக்கும்போது டார்ச் அடித்துப் பார்த்தால், அந்த இடத்தில் இளஞ்சிவப்புப் பொடி உப்புப் பூத்தது போல ஒட்டியிருக்கும். அதுதான் சாட்சி. ரிசர்வாயரில் இருப்பது பச்சை நிறத் திரவமாகவோ வெறும் தண்ணீராகவோ இருந்தால் முழுவதும் வடித்து, தண்ணீர் விட்டுக் கழுவி, ஜி12++ அல்லது ஜி13 வகைக் கூலன்ட்டை டிஸ்டில்டு வாட்டருடன் சரிபாதி கலந்து நிரப்புங்கள். இன்னொரு செய்தி: டாஷ்போர்டில் வெப்பமானியின் முள் 90இல் அசையாமல் நிற்பதைப் பார்த்து ஏமாந்துவிடாதீர்கள். உண்மையான வெப்பம் ஏறத்தாழ 75 முதல் 105 டிகிரி வரை எங்கிருந்தாலும் முள்ளை 90இலேயே நிறுத்தி வைக்கும்படி அதை அமைத்திருக்கிறார்கள். ஸ்கேனரில் உண்மையான எண்ணை ஒருமுறை, ஏசி போட்டு நெரிசலில் நிற்கும்போது பார்த்துவிடுங்கள்; ரேடியேட்டர் ஃபேன்கள் இரண்டும் சுற்றுகின்றனவா என்பதும் அப்போதே தெரிந்துவிடும்.

டர்போவைப் பற்றி எல்லோரும் பயப்படுகிறார்கள். ஆனால் இழுவை குறைந்திருக்கும் பழைய காரில் டர்போவே கெட்டிருப்பது அரிது. டர்போவிலிருந்து, காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலர் வழியாக எஞ்சினுக்குப் போகும் ரப்பர் குழாய்களின் இணைப்புகளில் காற்றுக் கசிவதோ, டர்போவின் மேல் பொருத்தியிருக்கும், மிகுதிக் காற்றழுத்தத்தைத் திருப்பிவிடும் டைவெர்ட்டர் வால்வின் தோல் கிழிவதோதான் பெரும்பாலும் காரணம். டர்போவின் அழுத்தம் போதவில்லை என்று சொல்லும் பி0299 என்ற குறியீடு வந்தால் புதிய டர்போவுக்கு விலை கேட்பதற்கு முன், புகை விட்டுக் கசிவைச் சோதிக்கும் கருவி உள்ள பட்டறையைத் தேடுங்கள். குழாயைக் கழற்றிப் பார்க்கும்போது உள்ளே எண்ணெய்ப் பசை இருப்பதைக் கண்டு அஞ்ச வேண்டாம். கவிழ்த்தால் ஊற்றும் அளவுக்கு எண்ணெய் தேங்கியிருந்தால்தான் அஞ்ச வேண்டும். டர்போவின் விசிறித் தண்டு பக்கவாட்டில் இலேசாக ஆடலாம். முன்னும் பின்னுமாக ஆட்டம் கைக்குத் தட்டுப்படக் கூடாது.

பிளக்குகளை விசாரணையே இல்லாமல் மாற்றிவிடுங்கள். அழுத்தி மிதிக்கும்போது மட்டும் குலுங்கினால் இக்னிஷன் காயில் ஒன்று பலவீனமாக இருக்கலாம். பி0301 முதல் பி0304 வரையிலான குறியீடுகளின் கடைசி எண் எந்தச் சிலிண்டர் என்பதைச் சொல்லும். அந்தக் காயிலைப் பக்கத்துச் சிலிண்டருக்கு மாற்றிப் போட்டுப் பாருங்கள், குறையும் கூடவே நகர்ந்தால் காயில்தான் என்று உறுதி. குளிர்ந்த எஞ்சின் தடுமாறி ஓடி, சூடானதும் சரியாவது வேறு கதை. பெட்ரோல் நேரடியாகச் சிலிண்டருக்குள் பீய்ச்சப்படும் எஞ்சின் இது என்பதால், இன்டேக் வால்வுகளின் மேல் பெட்ரோல் படுவதே இல்லை. ஆயில் ஆவி மட்டும் பட்டுப் பட்டுக் கரியாக இறுகிவிடுகிறது. டேங்கில் ஊற்றும் எந்தப் பாட்டிலும் அந்த இடத்தை எட்டாது. மேனிஃபோல்டைக் கழற்றி, வால்நட் ஓட்டுத் தூளைக் காற்றழுத்தத்தால் அடித்துச் சுத்தம் செய்வதே வழி. தண்ணீர் பம்ப் மாற்ற வேண்டி மேனிஃபோல்டு கழற்றப்படுமானால், இதையும் அன்றே முடித்துக்கொள்ளுங்கள்.

பழைய மெக்கானிக்குகள் சிலர், உயர் அழுத்த பெட்ரோல் பம்ப்பின் கேம் ஃபாலோயர் (கேம்ஷாஃப்ட்டின் தள்ளலைப் பம்ப்புக்குக் கடத்தும் சிறு பாகம்) தேய்ந்துவிடும், மாற்றுங்கள் என்பார்கள். அது இதற்கு முந்தைய ஈஏ113 குடும்பத்து 2.0 டிஎஃப்எஸ்ஐ எஞ்சினின் வியாதி. உங்கள் எஞ்சினில் அந்த இடத்தில் உருளை இருக்கிறது. அதற்காகப் பணம் செலவழிக்க வேண்டாம். ஆனால் பெட்ரோல் குழாய்களில் வாசனையோ ஈரமோ இருக்கிறதா என்று மட்டும் கட்டாயம் பாருங்கள். 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல் நம் நாட்டில் 2023 பிப்ரவரியில்தான் விற்பனைக்கு வரத் தொடங்கியது. 2011இல் செய்த ரப்பர் குழாய்கள் அதை எதிர்பார்த்துச் செய்யப்பட்டவை அல்ல.

மற்றவை எல்லா வண்டிக்கும் உரியவைதான். பிரேக் திரவம் டாட் 4, இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை; உங்கள் காரில் கிளட்ச்சும் அதே திரவத்தில்தான் இயங்குகிறது. டயரின் பக்கவாட்டில் உள்ள நான்கு எண்களைப் படியுங்கள்: 2317 என்றிருந்தால் 2017ஆம் ஆண்டின் 23ஆவது வாரம். பட்டன் எவ்வளவு மிச்சமிருந்தாலும் அந்த டயர் உங்கள் குடும்பத்தை நெடுஞ்சாலையில் ஏற்றிச் செல்லும் தகுதியை இழந்துவிட்டது. ஏர் ஃபில்டர் பெட்டியைத் திறக்கும்போது எலி கூடு கட்டியிருக்கிறதா என்றும் பாருங்கள், நின்றுகிடந்த வண்டியாக இருந்தால் இது வேடிக்கைப் பேச்சல்ல.

ஸ்டேஜ் 1 ரீமேப்பைப் பொறுத்தவரை, செயின் புதிதாகி, ஆயில் கணக்குத் தெரிந்து, ஓராண்டு நிம்மதியாக ஓடிய பிறகு அந்தப் பேச்சை எடுங்கள். நலிந்த டென்ஷனரும் கசியும் குழாயும் உள்ள எஞ்சினில் இழுவிசையைக் கூட்டுவது, குறையைச் சீக்கிரம் வெளிக்கொண்டுவரும் ஒரு வழி மட்டுமே.

கேள்வி: என்னிடம் இருப்பது 2008ஆம் ஆண்டு லாரா 1.9 டீசல், ஆட்டோமேடிக். நாமக்கல் பக்கம் மலிவாகக் கிடைத்தது. மேட்டில் ஏறும்போது 3,000 ஆர்.பி.எம். தாண்டினால் திடீரென்று இழுவை போய்விடுகிறது. சாவியைத் திருப்பி அணைத்து மறுபடி ஸ்டார்ட் செய்தால் சரியாகிவிடுகிறது. டர்போ போய்விட்டதா?
– வாசகர், ஈரோடு.

பதில்: அணைத்துப் போட்டதும் இழுவை திரும்பி வருகிறது என்பதே டர்போ உயிரோடு இருக்கிறது என்பதற்குச் சான்று. உங்கள் காரின் டர்போவில் வெளியேறும் புகையின் போக்கை மாற்றும் சிறு இறகுகள் வட்டமாக அமைந்திருக்கின்றன. எப்போதும் மெதுவாகவே ஓட்டப்பட்ட காரில் அவற்றின் மேல் கரி படிந்து, இறகுகள் ஒரே நிலையில் ஒட்டிக்கொள்கின்றன. தேவைக்கு மேல் அழுத்தம் ஏறியதும் கம்ப்யூட்டர் எஞ்சினைக் காப்பாற்ற இழுவையைக் குறைத்துவிடுகிறது. ஸ்கேன் செய்தால் அளவு மீறிய அழுத்தத்துக்குரிய பி0234 என்ற குறியீடு கிடைக்கலாம். முதலில் எஞ்சின் அறையில் ஓடும் மெல்லிய வேக்குவம் குழாய்கள் வெடித்திருக்கின்றனவா என்று பாருங்கள். மீட்டர் கணக்கில் வாங்கி மாற்றிவிடலாம். அடுத்து, டர்போவின் ஆக்சுவேட்டருக்குக் கை வேக்குவம் பம்ப் கொடுத்து இழுத்தால், அதன் கம்பி தடையில்லாமல் வழுக்கிச் சென்று அதேபோல் திரும்ப வேண்டும். நடுவில் சிக்கினால் டர்போவைக் கழற்றி இறகுகளைச் சுத்தம் செய்வது போதுமானது. புதிய டர்போ வாங்குவது கடைசி வழி.

இதைவிட முக்கியமான இரண்டு காரியங்களைப் பற்றி நீங்கள் கேட்கவே இல்லை. உங்கள் எஞ்சினில் இருப்பது செயின் அல்ல, ரப்பர் டைமிங் பெல்ட். எப்போது மாற்றினார்கள் என்பதற்குப் பில் இல்லையென்றால், அது மாற்றப்படவில்லை என்றே கொள்ளுங்கள். ரப்பர் ஓடாமல் நின்றாலும் மூப்படையும். பெல்ட், டென்ஷனர், ஐட்லர் உருளைகள், அதே பெல்ட்டால் ஓடும் தண்ணீர் பம்ப் ஆகியவற்றை ஒரு செட்டாக மாற்றாமல் அந்தக் காரை வெளியூருக்கு எடுக்க வேண்டாம்.

இரண்டாவது, ஆயில். பம்ப்-டியூஸ் என்ற உங்கள் டீசல் அமைப்பில் ஒவ்வொரு இன்ஜெக்டருக்கும் தனித்தனிப் பம்ப் உண்டு. அவற்றை அமுக்குவது எஞ்சினின் கேம்ஷாஃப்ட்தான். கேமின் மேல் விழும் பளு மிக அதிகம் என்பதால், வி.டபிள்யூ. 505 01 ஒப்புதல் உள்ள ஆயில் மட்டுமே இதற்கு ஏற்றது. டீசல் எஞ்சின்தானே என்று லாரிக்கு ஊற்றும் ஆயிலை ஊற்றியிருந்தால், கேமின் முனைகள் மழுங்கியிருக்கக் கூடும். பெல்ட் மாற்றும் அன்றே வால்வு கவரையும் கழற்றி, கேமின் ஒவ்வொரு முனையிலும் நகத்தை ஓட்டிப் பார்க்கச் சொல்லுங்கள். பளபளப்பாக வழுக்க வேண்டும், ஓரத்தில் விளிம்பு தட்டுப்படக் கூடாது. டிப்ஸ்டிக்கில் ஆயில் குறையாமல் ஏறுகிறது என்றால் மகிழ்ச்சி அடையாதீர்கள். சிலிண்டர் ஹெட்டின் பக்கவாட்டில் உள்ள டேண்டம் பம்ப்பின் வழியாக டீசல் ஆயிலில் கலக்கிறது.

ஆட்டோமேடிக் என்று எழுதியிருக்கிறீர்கள். அது ஆயிலில் மூழ்கிய இரட்டைக் கிளட்ச் கொண்ட 6 கியர் டிஎஸ்ஜி (ஃபோக்ஸ்வாகன் குழுமத்தின் தானியங்கிக் கியர்பாக்ஸ்), 60,000 கி.மீ.க்கு ஒருமுறை அதன் ஆயிலையும் ஃபில்டரையும் மாற்றுவது கட்டாயம். இதற்கும் பில் இல்லையென்றால், இதுவும் முதல் மாதக் கணக்கில் சேர்கிறது. மலிவாகக் கிடைத்த தொகையில் ஒரு பகுதி இப்படித் திரும்பப் போய்விடும் என்பதை மனத்தில் வைத்தே இத்தகைய கார்களுக்கு விலை பேச வேண்டும்.

கேள்வி: 2014 போலோ ஜிடி டிஎஸ்ஐ வாங்கியிருக்கிறேன். நெரிசலில் முதல் கியரிலிருந்து இரண்டாவது மாறும்போது அதிர்கிறது. கியர் ஆயில் மாற்றினால் சரியாகிவிடும் என்கிறார்கள். உண்மையா?
– வாசகர், சென்னை.

பதில்: உண்மையல்ல. மேலே சொன்ன 6 கியர் டிஎஸ்ஜி வேறு. உங்கள் காரில் உள்ள 7 கியர் டிஎஸ்ஜி வேறு. உங்களுடையதில் கிளட்ச் தட்டுகள் உலர்ந்தவை, அவற்றில் ஆயில் படுவதே கிடையாது. ஆகவே கியர் ஆயிலை மாற்றுவதால் கிளட்ச்சின் அதிர்வு நிற்க வழியில்லை. முதலில் ஸ்கேனர் மூலம் கிளட்ச்சின் மிச்சத் தடிமனையும் அதன் சரிசெய்தல் அளவுகளையும் படித்து, பிறகு அடிப்படை அமைப்பை மறுபடி செய்து பாருங்கள். பல கார்களில் அதிர்வு இதிலேயே குறைந்துவிடும். பி17பிஎஃப் என்ற குறியீடு வந்தால் பிரச்சினை கிளட்ச்சில் இல்லை. கியர்பாக்ஸை இயக்கும் மெக்கட்ரானிக் யூனிட்டில் ஹைட்ராலிக் அழுத்தம் நிற்கவில்லை. அதைப் பிரித்துச் சரிசெய்யத் தெரிந்தவர்கள் இப்போது சென்னையில் இருக்கிறார்கள் என்பதால், முழு யூனிட்டையும் மாற்ற வேண்டும் என்ற முதல் எஸ்டிமேட்டுக்கு உடனே தலையாட்டிவிடாதீர்கள்.

ஓட்டும் முறையிலும் கொஞ்சம் மாற்றம் வேண்டும். பிரேக்கை முழுவதும் அழுத்தி நின்றால் கிளட்ச் விடுபட்டு ஓய்வெடுக்கும்; பாதி அழுத்தி, ஆமை போல ஊர்ந்துகொண்டே இருந்தால் உலர்ந்த கிளட்ச் உரசி உரசிச் சூடேறும். முன்னால் ஒரு கார் நீள இடைவெளி கிடைக்கும் வரை நின்று, பிறகு ஒரே சீராக நகருங்கள். இடையில் புகும் ஆட்டோக்காரரைப் பொறுத்துக்கொள்ளத்தான் வேண்டும்.

கேள்வி: டர்போ கார்களை அணைக்கும் முன் இரண்டு நிமிடம் ஐட்லிங்கில் விட வேண்டும் என்கிறார்களே, தினமும் அப்படிச் செய்ய வேண்டுமா?
– வாசகர், சேலம்.

பதில்: எந்தக் கார் என்பதைப் பொறுத்தது. 1.8 டிஎஸ்ஐ போன்ற பெட்ரோல் எஞ்சின்களில் டர்போவின் பேரிங்கைச் சுற்றிக் கூலன்டும் ஓடுகிறது. எஞ்சினை அணைத்த பிறகும் ஒரு சிறு மின்சாரப் பம்ப் அந்தக் கூலன்டைச் சிறிது நேரம் சுழற்றிக்கொண்டிருக்கும். ஆகவே ஊருக்குள் ஓட்டி வந்து நிறுத்தும்போது காத்திருப்பு தேவையில்லை. 1.9 டீசலின் டர்போவைக் குளிர்விப்பது ஆயில் மட்டுமே. ஏற்காட்டின் 20 கொண்டை ஊசி வளைவுகளையும் மிதித்து ஏறிவிட்டு, உச்சியில் தேநீர்க் கடை வாசலில் சட்டென்று அணைத்தால், சிவக்கச் சூடான டர்போவில் தேங்கிய ஆயில் கருகிவிடும். அங்கே ஒரு நிமிடமோ இரண்டு நிமிடமோ ஓடவிட்டு அணையுங்கள், அல்லது கடைசி ஒரு கி.மீ. தூரத்தை மிதிக்காமல் மெதுவாக ஓட்டி வாருங்கள், இரண்டும் ஒன்றுதான். பெட்ரோல் காருக்கும் மலையேறிய அன்று இது நல்லது. காலையில் இதற்கு நேரெதிராக, குளிர்ந்த எஞ்சினை நிறுத்தி வைத்துச் சூடேற்றத் தேவையில்லை. சில வினாடிகளில் கிளம்பி, ஆயில் சூடாகும் முதல் சில கி.மீ. வரை அழுத்தி மிதிக்காமல் ஓட்டினால் போதும்.

சாவியை எடுத்த பிறகும் பானட்டுக்குள் ஃபேனும் அந்தச் சிறு பம்ப்பும் ரீங்கரித்துக்கொண்டிருப்பது இக்கார்களில் இயல்பு. மின்கோளாறு என்று பயந்து பேட்டரி ஒயரைப் பிடுங்கிவிட வேண்டாம். அரை மணி நேரம் கழித்தும் ஓடிக்கொண்டிருந்தால் மட்டும் எலக்ட்ரீஷியனிடம் காட்டி, ஃபேன் கன்ட்ரோல் மாடியூலைச் சோதிக்கச் சொல்லுங்கள்.